அவனிடம் எதைக் கேட்கக் கூடாது

அந்த போன் வந்தபோது அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை அவருடையது. மதியம் வீட்டுக்கு வந்ததும் கையை முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பார், அப்புறம் சோப்பு. அப்படியும் நகத்து ஓரத்துக் கறுப்பு போகாது. போனைக் காதில் வைத்து, "ஆங்... ஆங்..." என்று சொல்லிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தம்பி ஹாஸ்டல்லேர்ந்து பேசறாங்கம்மா. இங்கிலீஷா இருக்குது. இன்னான்னு கேளு."

நான் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். பேசியது ஒரு பெண். மிகவும் மரியாதையாகப் பேசினார். என் தம்பியை அடுத்த வருடம் கால்பந்து அகாடமியில் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்றார். பெரியவர்கள் அணிக்குச் சிலரைத்தான் எடுக்கிறார்கள், அதில் அவன் பெயர் இல்லை. நல்ல பையன், ஒழுங்கான பையன். அவனிடம் சொல்லிவிட்டார்கள், அமைதியாகக் கேட்டுக்கொண்டான். வீட்டில் நாங்கள் அவனுக்குத் துணையாக இருக்க வேண்டும். 'ரிலீஸ்' என்ற சொல்லையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் பக்கம் சினிமாவையும் ஜெயிலில் இருப்பவனையும்தான் ரிலீஸ் செய்வார்கள். எனக்குக் குழப்பமாகி, அவனுக்கு அடிகிடி பட்டுவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் "தேங்க்யூ மேடம்" என்று சொல்லி வைத்தேன்.

"இன்னாவாம்?"

"அவனை அனுப்பிடறாங்களாம்பா."

"லீவுக்கா?"

"இல்லப்பா. இனிமே வேணாமாம்."

பின்பக்கம் அம்மா துணி அலசும் சத்தம் கேட்டது. அப்பா அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"அம்மாகிட்ட சொல்லாத. அவன் வரட்டும். அவன் வாயால சொல்லட்டும்."

பிறகு தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். மோர் கேட்கவில்லை.

தம்பி ஏழாம் வகுப்பு முடித்த கோடையில் அந்த அகாடமிக்குப் போனவன். விழுப்புரத்தில் பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடந்த மேட்சைப் பார்க்க வந்த ஒருவர் அவனையும் இன்னும் சிலரையும் தனியாகக் கூப்பிட்டு ஓட விட்டார், பந்தை உதைக்க விட்டார், கடைசியில் இவனை மட்டும் எடுத்தார். பெங்களூருக்கு வெளியே ஹாஸ்டல், அங்கேயே பள்ளிக்கூடம், தினம் இரண்டு வேளை பயிற்சி. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பங்குச் சாமியார் இதை மாதா கோயிலில் அறிவித்தபோது எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார்.

புதுச்சேரியிலிருந்து பெங்களூர் போகும் பஸ் அப்பாவின் கடை வழியாகத்தான் போகும். சில மாதங்களுக்கு ஒருமுறை கடையைச் சாத்திவிட்டு, அவன் ஆடுவதைப் பார்க்க அதில் ஏறிவிடுவார். போகும்போது வறுத்த வேர்க்கடலை, எங்கள் பக்கம் மல்லாட்டை, ஒரு பை நிறைய எடுத்துப் போவார். அது தம்பிக்கு மட்டும் இல்லை, அவன் அறையில் இருக்கும் பையன்கள் எல்லோருக்கும். வியாசர்பாடியைச் சேர்ந்த கோல்கீப்பர் ஒருவன் தோலைக்கூட உரிக்காமல் தின்பான் என்று வந்து சொல்லிச் சிரிப்பார். கடையில் ஆரோக்கிய மாதா படத்துக்குப் பக்கத்தில் தம்பி ஜெர்சி போட்டு நிற்கும் படத்தை மாட்டியிருந்தார். லாரிக்காரர்கள், "பையன் எப்ப டீவீல வருவான்?" என்று கேட்பார்கள். "வருவான், வருவான்" என்பார்.

போன் வந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். கையில் எப்போதும் கொண்டுவரும் பையோடு இன்னும் இரண்டு பைகள். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டுவிட்டாள், "இன்னாடா, இத்தினி பையி?"

"முட்டியில சின்ன அடிம்மா. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து ஒரு பையை வாங்கி உள்ளே வைத்தார்.

"சரிப்பா. ரெஸ்ட் எடு."

அவ்வளவுதான். அவன் சொல்ல வேண்டிய நேரமும் இவர் கேட்க வேண்டிய நேரமும் அந்த வாசலிலேயே போய்விட்டன. அதற்குப் பிறகு வீட்டுக்குள் அப்படி ஒரு நேரம் வரவே இல்லை.

அவன் எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே இல்லை. இத்தனை வருடம் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்டு வளர்ந்தவன். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பதுபோல் சமையலறை வாசலில் நிற்பான். போர்வையை நான்கு முனையும் ஒட்ட மடித்து வைப்பான். கடைக்குப் போய் ரவை வாங்கி வரச் சொன்னால் எந்தக் கடை என்று தெரியாது. விடியும் முன்பே எழுந்துவிடுவான். எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். தெருவில் அவன் வயதுப் பையன்கள் இருந்தார்கள். யாரும் அவனுக்குப் பழக்கமில்லை.

சில வாரங்கள் போனதும் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான், "விழுப்புரத்துல ஒரு கிளப் இருக்குதுப்பா. அங்க ப்ராக்டீஸ் போலாம்னு இருக்கறேன். டச் விட்டுடக் கூடாது பாரு."

"போப்பா. காலைலேயே போயிடு, வெயிலுக்கு முன்ன" என்றார் அப்பா.

மறுநாளிலிருந்து அவன் பூட்ஸையும் சாக்ஸையும் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் போக ஆரம்பித்தான். அப்பா முட்டை வேக வைக்க ஆரம்பித்தார். அதுவரை அடுப்பு பற்ற வைக்கக்கூடத் தெரியாத மனிதர். அவன் குளித்து வருவதற்குள் இரண்டு முட்டை வேக வைத்து, உரித்து, மிளகுத்தூள் தூவி, தட்டில் வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுவார். அவன் தின்பதை நின்று பார்க்க மாட்டார். "கட்டிக்கினு இத்தினி வருசத்துல எனக்கு ஒரு டீ போட்டுத் தந்ததில்ல" என்று அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மகன் சாயங்காலம் கொண்டுவரும் சேற்றுச் சாக்ஸைச் சந்தோஷமாகத்தான் துவைத்தாள்.

பரீட்சை முடிந்ததும் எனக்கு விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. தம்பி முதல் பஸ்ஸில் போவான், நான் அதற்குப் பிறகு. சேர்ந்த சில நாட்களில், ஒரு வீட்டில் ரத்தம் எடுத்து வரச் சொல்லி அனுப்பினார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்துபோனபோது ஒரு டைல்ஸ் குடோன் வாசலில் லாரி நின்றது. நாலைந்து பேர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தலையில் துண்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் பெட்டியோடு திரும்பினான். நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முகம் முழுக்க வெள்ளைத் தூசி. அகாடமி ஜெர்சியை உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றிப் போட்டிருந்தான். தையல் பிரிகள் தோளில் தொங்கின. நான் எதிர்ப்பக்கம் இருந்த மெடிக்கல் ஷாப்புக்குள் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் திரும்ப அந்த வழியே போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. குடோன் பக்கவாட்டில் ஒரு தண்ணீர்க் குழாய். அவன் குளித்து, சட்டை மாற்றி, குழாயடியில் குந்தியிருந்தான். பையிலிருந்து பூட்ஸை எடுத்து ஈர மண்ணில் அழுத்தினான். வலது, அப்புறம் இடது. பக்கங்களில் கையால் சேற்றைத் தடவினான். சாக்ஸையும் அந்தத் தண்ணீரில் புரட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். அவசரமே இல்லாமல் செய்தான். தினம் செய்கிற வேலை.

அன்று வீட்டுக்குப் போகாமல் நேராக அப்பாவின் கடைக்குப் போனேன். பார்த்ததைச் சொன்னேன். அவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா" என்றார். "அந்த குடோனுக்கு லோடு ஏத்தினு வர்ற டிரைவரு நம்ம கடைக்கு வர்றவருதான். அவரு சொன்னாரு. அவ்ளோ வெயிட்ட தூக்கறானே, முட்டி நல்லாத்தான் இருக்குதுன்னு தெரிஞ்சிக்கினேன்."

"கேட்டுடலாம்பா. எத்தினி நாளுக்கு இப்படி?"

"கேட்டா இன்னா பண்ணுவான்? தலையக் குனிஞ்சிக்கினு நிப்பான். அத நான் பாக்கணுமா?" டியூபை எடுத்துத் துடைத்தார். "இன்னமும் அவன் பிளேயருதான்னு நம்பிக்கினு இருக்கறது நான் ஒருத்தன்தான்னு அவன் நெனச்சிக்கினு இருக்கறான். அதையும் போயி புடுங்கச் சொல்றியா?"

அப்போது ஒரு லாரிக்காரர் வந்தார். டயரைக் காட்டிவிட்டு, சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். "நல்லா இருக்கறான். விழுப்புரத்துல ப்ராக்டீஸ்" என்றார் அப்பா. அவர் குரலில் ஒரு பிசிறு இல்லை.

அப்புறம் அந்த கிளப் கதை தானாகத் தேய்ந்தது. முதலில் கிளப்போடு சேர்த்து ஒரு பார்ட் டைம் வேலை என்றான். கொஞ்ச நாளில் வேலையைப் பற்றி மட்டும் பேசினான். கிறிஸ்துமஸ் சமயத்தில் பார்த்தால் பையில் பூட்ஸ் இல்லை, டிபன் டப்பா இருந்தது. எந்த நாளில் அது மாறியது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மா மட்டும் ஒருமுறை, "பந்து ஆடப் போறதில்லையாடா?" என்றாள். "டைம் இல்லம்மா" என்றான். முட்டை மட்டும் நிற்கவில்லை.

சில வருடங்கள் கழித்து, ஒரு மழைக்காலத்தில், முற்பகல் நேரம், கடையில் லாரிச் சக்கரத்துக்கு ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தபோதே அப்பா சரிந்துவிட்டார். லாரி டிரைவரும் கிளீனரும் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். தம்பி விழுப்புரத்திலிருந்து தலை முழுக்க டைல்ஸ் தூசியோடு வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவனைப் பார்த்த யாரோ ஒரு பாட்டி, சின்ன வயசிலேயே நரைத்துவிட்டதே என்று சொன்னது எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை அவன் அகாடமிப் பையன்கள் வந்தார்கள். யார் தகவல் சொன்னார்கள் என்று தெரியாது. ஐந்தாறு பேர், ஒரே உயரம், ஒரே மாதிரி நிமிர்ந்த முதுகு. எல்லோரும் அவனோடு, அல்லது அவனுக்குப் பின் வந்த வருடங்களில், அனுப்பப்பட்டவர்கள். அந்த வியாசர்பாடி கோல்கீப்பர் சென்னையில் பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். முதுகில் அந்தப் பெரிய சதுரப் பையோடே வந்துவிட்டான். ஒருவன் கிருஷ்ணகிரியில் மொபைல் கடையில் இருக்கிறான். ஒருவன் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில். இன்னொருவன் ராணுவத்துக்கு முயற்சி செய்து, கண் சரியில்லை என்று திரும்பியவன், அண்ணனோடு பந்தல் போடுகிறான். எங்கள் வாசலில் சாய்ந்திருந்த பந்தல் கம்பத்தை அவன்தான் வந்ததும் வராததுமாக நிமிர்த்திக் கட்டினான். அவர்கள் செட்டில் ஒரே ஒருவன் இன்னமும் ஆடுகிறானாம். அவன் வரவில்லை.

பெட்டியை அவர்கள்தான் தூக்கினார்கள். உறவுக்காரர்கள் முன்னால் வந்தபோது தம்பி, "இவங்க தூக்கட்டும்" என்றான். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை சேறு. யாரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் எல்லோர் காலும் ஒன்றாகவே விழுந்தன. பள்ளம் வந்த இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒதுங்கினார்கள். பெட்டி ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. பின்னால் வந்த ஒருவர், "எந்த கம்பெனி பசங்கபா இவங்க?" என்று கேட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் டீ கொண்டுபோனேன். கோல்கீப்பர் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"உங்கப்பா மாதிரி ஒரு ஆளு இல்ல மச்சான்" என்றான். "நம்மள அனுப்பிச்சாங்க பாரு, அந்த வாரமே எனக்கு போன் பண்ணாரு."

தம்பி நிமிர்ந்தான். "எந்த வாரம்?"

"நம்ம வந்த வாரம்தான். நீ அப்பதான் வீட்டுக்கு வந்திருப்ப. 'நீயும் வந்துட்டியாப்பா, சாப்புட்டியா'ன்னு கேட்டாரு. அப்பால, 'அவங்கிட்ட எதக் கேக்கக் கூடாதுன்னு சொல்லுப்பா, நான் படிக்காதவன், தெரியாம எதனா கேட்டுடப் போறேன்'னாரு. நான் சொன்னேன், 'இன்னா ஆச்சுன்னு கேக்காதீங்கப்பா, அடுத்து இன்னா பண்ணப் போறன்னும் கேக்காதீங்க'ன்னு. எங்கூட்ல அந்த ரெண்டையும்தான் தெனிக்கும் கேட்டுக்கினு இருந்தாங்க. சரிப்பா, சரிப்பான்னு கேட்டுக்கினாரு."

தம்பி டீயைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

நான் தலையசைத்தேன்.

"உனக்கு?"

"தெரியும்டா. போன் எடுத்ததே நான்தான்."

அவன் எழுந்து வீட்டின் பின்பக்கம் போனான். கோல்கீப்பர் பயந்துவிட்டான். "நான் எதனா தப்பா சொல்லிட்டேனாக்கா? அவனுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"இல்லப்பா. நீ டீ குடி."

தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு தம்பி நின்றிருந்தான். அழவில்லை. நான் பக்கத்தில் போனதும், "முட்டை?" என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"தெனமும் முட்டை வேக வச்சிக் குடுத்தாரே. தெரிஞ்சிக்கினேவா?"

"ஆமாம்டா."

அதற்குப் பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது. அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உள்ளே பெண்கள் நடுவில் இருந்த அம்மா, அது அப்பாவுக்கான அழுகை என்று நினைத்து, "அழட்டும், விடுங்க" என்றாள். அது அப்பாவுக்கான அழுகையும்தான்.

அதன் பிறகு பல மாதங்கள் அவன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. கோபம் இல்லை. என்னைப் பார்த்தால் அவனுக்கு பூட்ஸில் தடவிய அந்தச் சேறு நினைவுக்கு வந்திருக்கும். ஒருநாள் மட்டும், கடையைக் காலி செய்யப் போனபோது, டயர்களை வெளியே உருட்டிக்கொண்டே சொன்னான், "நாங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்க்கா. எத்தினி வருசம் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்ட்டோம்."

இப்போது அவன் கண்டமங்கலத்தில் இருக்கிறான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. புதுச்சேரிப் பக்கம் ஒரு பைப் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அம்மா என்னோடு விழுப்புரத்தில். அவன் இருக்கும் தெருவுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூட மைதானம். அங்கே சொல்லிக்கொடுக்க வரச் சொல்லி யாரோ கேட்டார்களாம், இடுப்பு வலி என்று சொல்லிவிட்டானாம். இதை அவன் மனைவிதான் சொன்னாள். "உங்க தம்பிக்கு இடுப்பு வலியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றும் சொன்னாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மனைவி உள்ளே மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கியது. நாங்கள் இருவரும் முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன், பேச்சு நின்றபோது, காலண்டரைப் பார்த்தபடியே கேட்டான்.

"அக்கா, நான் நல்லா ஆடினேனா?"

இத்தனை வருடத்தில் அவன் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நல்லா ஆடினே என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவன் கேட்டது உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"நான் பாத்ததே இல்லையேடா" என்றேன்.

நான் அவன் ஆடி ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. அம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. எனக்கு எப்போதும் ஏதாவது பரீட்சை இருந்தது, இல்லாவிட்டாலும் என்னை அவ்வளவு தூரம் கூட்டிப்போக யாருக்கும் தோன்றவில்லை. அவன் ஆட்டத்தைப் பார்த்தவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

"ஆமா இல்ல" என்றான். கொஞ்சம் கழித்து, "அப்பா வந்து இன்னா சொல்லுவாரு? பெங்களூர் போயிட்டு வந்தா?"

யோசித்துப் பார்த்தேன். அப்பாவுக்கு அந்த ஆட்டமே புரியாது. எதற்கு விசில் ஊதுகிறார்கள் என்றுகூடத் தெரியாது. வந்து எப்போதும் ஒன்றைத்தான் சொல்வார்.

"நல்லா ஓடறான்மான்னு சொல்லுவாரு. அவ்ளோ நேரம் ஓடியும் மூச்சு வாங்கவே இல்லன்னு சொல்லுவாரு."

அவன் மெதுவாகத் தலையாட்டினான்.

"ஓட எல்லாரும்தான் ஓடுவாங்க" என்றான்.

அவன் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டோம். குழம்பில் புளி சற்று அதிகம் என்று அவளே சொன்னாள், நாங்கள் இல்லை என்றோம். வெயில் தாழ்ந்ததும் அவன் என்னை பைக்கில் கொண்டுவந்து மெயின் ரோட்டில் விட்டான். விழுப்புரம் பஸ் கூட்டமாக வந்தது.

"ஜல்தி ஏறுக்கா, எடம் போயிடும்."

ஏறினேன். பஸ் நகர்வதற்குள் அவன் ஜன்னல் பக்கமாக நடந்து வந்து, உட்கார இடம் கிடைத்ததா என்று கையைக் காட்டிக் கேட்டான். கிடைத்தது என்று தலையை ஆட்டினேன்.